கண்ணாடித் தொட்டியில் விரால்

திருச்சுழியில் கோடை முற்றிக் கண்மாய் சேறாகும் நாளில் மீன்பிடி தொடங்கும். அவ்வாறு கிடைத்த அரைச்சாண் விரால்கள் இரண்டைச் சிறு தங்கமீன்கள் வாழ்ந்த என் கண்ணாடித் தொட்டியில் விட்டேன். இரண்டு மாதங்களுக்குள் தங்கமீன்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பின்னர் விரால்களுள் சிறியதும் மறைந்தது.

பழி என்னுடையது, மீனுடையதன்று. செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் காற்றை உட்கொண்டு, நீர் வற்றிய சேற்றுள்ளும் உயிர் தாங்குவது விரால். தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை நெருங்குவது எதுவாயினும் பாய்ந்து தாக்கும். கண்மாயில் தோற்ற மீன் விலகி ஓடலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் நீரே கொள்ளும். அதில் ஓட இடமேது? முழு வளர்ச்சியில் விரால் அத்தொட்டியின் நீளத்தையே எட்டிவிடும். சீறும் மீன்தான் வேண்டுமெனில் தாய்லாந்துச் சண்டைமீன், அதுவும் ஆண் ஒன்று தனியே, போதும்.

எஞ்சிய விரால் துள்ளி வெளியேறாதிருக்க, மூடியின்மேல் தமிழ் அகராதியை வைத்திருந்தேன். அகராதிக்கு அப்படியும் ஒரு பயன். ஐப்பசியில் கண்மாய்க்கு நீர் வந்த மறுநாள் அதனைக் குடத்தில் எடுத்துச் சென்று விட்டேன். கரையோரம் சற்று நேரம் அசையாது கிடந்தது, பிறகு காணவில்லை.