நந்திக்குப் பின்னே விமானம்

ஒளிப்படம் தட்டையானது. அதில் கிட்டத்துப் பொருள் பெரிதாகவும் எட்டத்துப் பொருள் சிறிதாகவும் அமைந்து, இரண்டுக்கும் நடுவே தரை தெரிந்தால் பார்ப்பவரின் கண் அந்தத் தூரத்தை நடந்து கடக்கிறது. ஆழம் என்று சொல்லப்படுவது இந்த நடைதான். கிட்டத்துப் பொருளை முன்புலம் என்பார்கள். போட்டோக்காரர்கள் பேச்சில் ஃபோர்கிரவுண்டு.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் இதற்கான பொருள்கள் தயாராகக் கிடக்கின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய அந்தக் கோயிலின் சுற்றுமதில்மேல் நந்திகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. உப்புக்காற்று அவற்றின் முகங்களைக் கரைத்துவிட்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் நடைபாதையில் நின்றபடியே விமானத்தைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படங்களின் கீழ்ப்பாதி வெறும் தரை. தொழில் தெரிந்தவர் மதிலோரம் போய்க் குந்துகிறார்.

அவர் குந்துவதற்குக் கணக்கு உண்டு. படத்தில் ஒரு பொருளின் அளவு தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். விமானம் சுமார் 60 அடி உயரம். மூன்றடி உயர நந்தி கேமராவிலிருந்து மூன்றடியிலும் விமானம் 60 அடியிலும் இருந்தால், படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். மூன்றடி பின்வாங்கினால் நந்தி பாதியாகச் சுருங்கிவிடும்; விமானமோ அதிகம் மாறாது. ஆக, முன்புலத்தின் அளவைத் தீர்மானிப்பது லென்ஸைவிட ஆளின் கால்தான். அகலக்கோண லென்ஸ், அவ்வளவு கிட்டே போன பிறகும் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருகிறது.

அடுத்த சிக்கல் ஃபோகஸ். விமானத்தில் ஃபோகஸ் வைத்தால் நந்தி கலங்கும். நந்தியில் வைத்தால் விமானம் மங்கும். முழுச்சட்ட கேமராவில் 20 மி.மீ. லென்ஸை எஃப் 11 துளையில் வைத்து, சுமார் 1.2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 60 செ.மீ. முதல் தொடுவானம் வரை தெளிவாக விழும். துளை சிறுத்தால் வெளிச்சம் குறையும். தொல்லியல் துறையின் இடங்களில் அனுமதியில்லாமல் முக்காலி வைக்கக் கூடாது என்பதால், விடிகாலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, மூச்சடக்கி, முழங்கையை முட்டியில் ஊன்றித்தான் எடுக்க வேண்டும். கைப்பேசியில் எடுப்பவர்கள் அதைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். லென்ஸ் தரையை ஒட்டி வருவதால் சிறு கல்கூட முன்புலமாகிவிடும்.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, வெண்ணெய் உருண்டை எனப்படும் பாறையருகே நேரெதிரான வேலை நடக்கிறது. கழுத்தில் கேமராவும் கையில் மாதிரிப் படங்களுமாக நிற்கும் போட்டோக்காரர்கள், வருகிறவர்கள் அந்தப் பாறையைக் கையால் தாங்குவதுபோல எடுத்துக்கொடுக்கிறார்கள். "கைய இன்னும் கொஞ்சம் தூக்குங்கக்கா, அப்படியே நில்லுங்க" என்றபடி அவர்களில் ஒருவர் மண்டியிடுகிறார். கேமரா தாழத் தாழ, ஆளுக்கும் பாறைக்கும் நடுவே உள்ள சரிவு மறைகிறது. இடைவெளி மறைந்ததும் தூரமும் மறைந்து, எட்டத்துப் பாறை உள்ளங்கையில் வந்து உட்காருகிறது. சுற்றுலா வித்தை என்று இதை ஒதுக்குவது நியாயமல்ல. முன்புலம் மட்டும் ஆழம் தராது, நடுவிலுள்ள தரையும் தெரிய வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை. மதிலோரம் குந்துகிறவரும் கேமராவை நந்தியின் முதுகுக்குச் சற்று மேலே நிறுத்துவது இதனால்தான். அந்த இடைவெளி வழியாகப் புல்லும் கல்தளமும் தெரிகின்றன.

இதே ஊரின் குகை மண்டபங்களில் தூண்களே முன்புலம். உள்ளிருந்து வெளியே பார்த்து எடுக்கும்போது வெளி வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் தூண்கள் கருஞ்சட்டமாகிவிடும். சட்டத்துக்கு அதுவே போதும். உளிக்கொத்தும் தெரிய வேண்டுமென்றால், வெயில் சாய்ந்து தூணின் ஒரு பக்கத்தைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும்.