நீலம்

ஆறு உளி கொண்ட செட் அது. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, கண்ணாடி போல மினுங்கும் தகடு. பணி ஓய்வு பெற்ற மறுமாதமே வாங்கிவிட்டேன். ஸ்டூல் காலில் துளை எடுக்க உட்கார்ந்தால் நாலாவது அடியிலேயே முனை மடங்கியது. கடைக்காரரைத் திட்டினேன், தேக்கைத் திட்டினேன். தேக்கில் சிலிக்கா உண்டு, நல்ல முனையையே மழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாலு அடியிலா?

தெருமுனைப் பட்டறை ஆசாரியிடம் அரை இஞ்ச் உளி இரவல் வாங்கினேன். பழைய அரத்தை அடித்துச் செய்தது. பிடியின் தலையில் இரும்புப் பூண். "பாத்து வெச்சுக்குங்க சார்" என்றார். அன்று வேலை ஓடிய விதமே வேறு.

மாலையில் கூர் சற்றுக் குறைந்திருந்தது. தீட்டிக் கொடுப்பதுதானே மரியாதை? நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்று சுற்றும் கிரைண்டரில் வைத்து அழுத்தினேன். முனையில் வைக்கோல் நிறம் படர்ந்தது, பழுப்பானது, கண் சிமிட்டுவதற்குள் நீலம். கிட்டத்தட்ட 300 டிகிரி சூட்டில் வரும் நிறம் அது. அந்தச் சூடு ஏறிவிட்டால் கார்பன் எஃகின் பதம் இறங்கிவிடும். செஞ்சூடாக்கி மறுபடி பதமேற்ற வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதியையே தேய்த்துத் தள்ள வேண்டும். நான் செய்தது என்ன? எமரித் தாளால் நீலத்தை மட்டும் துடைத்துவிட்டு, "கூர் போட்டுட்டேன் ஆசாரி" என்று நீட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். கல்லில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அதே உளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "உக்காருங்க சார்" என்று கல்லை என் பக்கம் தள்ளினார்.

முதலில் தட்டைப் பக்கம். முனையிலிருந்து ஒரு விரற்கடை அளவு, கோடு எதுவும் இல்லாமல் மினுங்கும்வரை. கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் இடம். ஒன்று மேடுபள்ளமாக இருந்தால் மற்றதைத் தீட்டி என்ன பயன்? என் செட்டில் அந்தப் பக்கத்தை நான் கல்லில் வைத்ததே இல்லை. பிறகு சாய்வுப் பக்கம், 25 டிகிரி. துளை எடுக்கும் உளிக்கு 30 வரை போகலாம். மறுபக்கம் விரலால் தடவினால் பிசிறு தட்டுப்பட வேண்டும், முனை நெடுகிலும். அதை எடுக்கத் தோல்வார்.

பாதி தேய்ந்த பிறகுதான் வாய் வந்தது. கிரைண்டர், நீலம், எமரித் தாள், எல்லாம் சொன்னேன்.

"மொத அடியிலயே தெரிஞ்சுபோச்சு சார். தண்ணி ஊத்துங்க."

என் ஆறு உளிகளையும் கொண்டுவரச் சொன்னார். தட்டைப் பக்கத்தில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் ஒளி கசிந்தால் குழி, தீட்டிச் சரிசெய்யலாம். ஓரங்களில் கசிந்தால் நடுப்பகுதி உப்பியிருக்கிறது, கல்லில் வைத்தால் ஆடும், சமன் செய்வதற்குள் உயிர் போகும். இரண்டை மட்டும் எடுத்து வைத்தார். மற்ற நாலில் பெயின்ட் டப்பா திறக்கிறேன்.

அந்த அரை இஞ்ச் உளி, கால் இஞ்ச் குட்டையாகி, இன்னமும் அவர் பட்டறைச் சட்டத்தில் மற்றவற்றோடு தொங்குகிறது.