கிளட்ச் கருகியது என்னால்தான்

அனந்தபுரத்தில் புல்லட் வேலை நன்றாகத் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் பெயரைக் கெடுத்தவன் நான். கொல்லிமலை ஏறும்போது என் வண்டியின் கிளட்ச் கருகியதற்கு அவர் வேலை சரியில்லாததுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னேன். அது பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்று தடுத்ததைப் பிடிவாதமாகச் செய்ய வைத்தது நான்.

என்னுடையது திருவொற்றியூரில் செய்த பழைய 350 சிசி புல்லட். வார்ப்பிரும்பு இன்ஜின், நாலு கியர், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 18 குதிரைத்திறன்தான் என்றாலும் சுமையோடு நிதானமாக ஊர் சுற்ற அதைப்போல் ஒன்று கிடையாது. இந்த வண்டியில் பின்சக்கர ஸ்பிராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பாக வரும், 38 பல். அதனால் கியர் விகிதத்தை மாற்ற நினைப்பவர்கள் கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்பிராக்கெட்டில்தான் கைவைப்பார்கள். எனக்கு இருந்தது 16 பல். அதை எடுத்துவிட்டு 18 போட்டால், அதே வேகத்துக்கு இன்ஜின் ஒன்பதில் ஒரு பங்கு குறைவாகச் சுற்றினால் போதும். நாலுவழிச் சாலையில் 80-ஐத் தொட்டால் வரும் அதிர்வும் குறையும், கையும் மரத்துப்போகாது.

இப்படித்தான் அவரிடம் சொன்னேன். ஆனால் அதிர்வு எனக்குப் பெரிய தொல்லையாக இருந்ததே இல்லை. விழுப்புரம் சாலையில் புது வண்டிக்காரர்கள் என்னைத் தாண்டிப் போவது பொறுக்கவில்லை. என்னோடு படித்தவன் ஒருவன் தாண்டும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்குத்தான் 18 பல் போடுவது என்று முடிவு செய்தேன்.

மெக்கானிக் அண்ணன் சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 38-ஐ 16-ஆல் வகுத்தால் 2.37, 18-ஆல் வகுத்தால் 2.11. “டாப் கியருக்கு மட்டும்னு நெனைக்காத தம்பி. ஃபர்ஸ்ட் கியரும் சேர்ந்துதான் ஏறும். மேட்ல அதுக்குக் கீழ எறங்க உனக்கு வேற கியர் கெடையாது. பின்னாடி ஆளு, மூட்டை முடிச்சுன்னு போறவன் நீ. மாத்தியே ஆகணும்னா 17 போட்டுக்க.” இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான் கேட்கவில்லை. காசு கொடுப்பவன் நான்தானே என்றுகூட அவரிடம் சொன்னேன். எழுதவே கூசுகிறது.

அதற்கு அவர் பதில் பேசவில்லை. லேசான வேலையும் இல்லை அது. பழைய புல்லட்டில் அந்த ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இடப்பக்கத்து மூடியைத் திறந்து ஆயிலை வடித்து, இன்ஜின் ஸ்பிராக்கெட், இரட்டைச் செயின், கிளட்ச் மூன்றையும் ஒன்றாகக் கழற்றி, உள் மூடியையும் எடுத்த பிறகுதான் கைக்கு எட்டும். எல்லாவற்றையும் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பி வைத்திருந்தார். திரும்பப் பூட்டும்போது கிளட்ச் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக முடுக்கி, தட்டு கோணாமல் விலகுகிறதா என்று பலமுறை பார்த்தார். பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான். இந்த வேலையைத்தான் அரைகுறை என்று பிறகு சொன்னேன்.

உளுந்தூர்பேட்டை தாண்டி ஆத்தூர் வரை வண்டி மிதந்தது. என் மனைவியே “சத்தமே இல்லையே” என்றாள். காரவள்ளியில் மலை தொடங்கியது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் மனைவி, பக்கப்பெட்டியில் இரண்டு பேர் துணிமணி. வளைவில் வேகம் குறைந்ததும் முதல் கியரிலேயே இன்ஜின் திணறியது. அணைந்துவிடக் கூடாதென்று கிளட்சைப் பாதி பிடித்தபடி முறுக்கினேன். வளைவுக்கு வளைவு இதையே செய்தேன். கருகல் வாடை வந்த பிறகும் நிறுத்தவில்லை. கடைசியில் இன்ஜின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. வெயிலில் அவள் நடந்தாள், நான் தள்ளினேன். என்ன ஆச்சு என்று கேட்டாள். “மெக்கானிக் கிளட்சைச் சரியா மாட்டல” என்றேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு சுலபமாக வந்தது.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் அதையே சொன்னேன். கேட்டவர்கள் உச்சுக் கொட்டியது எனக்கு இதமாக இருந்தது. அதற்காகவே மறுபடி மறுபடி சொன்னேன். சிலர் தங்கள் வண்டிகளைச் செஞ்சிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் வண்டியை அவரிடமே விட்டேன். நான் பேசியது அவர் காதுக்குப் போயிருந்தது. மூடியைத் திறந்து கிளட்ச் தட்டுகளைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. அரைக்கிளட்சில் ஓட்டியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. “17 போட்டுடவா தம்பி?” என்று மட்டும் கேட்டார். தட்டுகளுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் பணம் வாங்கினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்த 17 பல்லோடு அதே கொல்லிமலையை மனைவியோடு ஏறி இறங்கிவிட்டேன்.

சமீபத்தில்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “தெரியும், விடு” என்றார். விட முடியவில்லை. பொய்யை நான் அவரிடமா சொன்னேன், ஊரிடம் அல்லவா சொன்னேன்? என் பேச்சை நம்பி அவர் பட்டறையைத் தாண்டிச் செஞ்சிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் பூட்டிய கிளட்சில் ஒரு குறையும் இல்லை. அதைக் கருக்கியது நான்.