எழுதியது, நினைவில் இருப்பது, உள்ளது

சற்றே நீண்ட பதிவு. மேகக் கணிமையில் ஒரு குபெர்நெட்டீஸ் கிளஸ்டரை அமைத்த அனுபவம் பற்றியது. கணினித் துறை நண்பர்களுக்கு இதில் புதிதாக ஏதும் இராது. மொழியியல், நாட்டாரியல், மானுடவியல் என்று களத்திலிருந்து தரவு கொண்டுவரும் ஆய்வு மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

என் ஆய்வு கோலாமி மொழியின் ஒலியியல் பற்றியது. நடுத் திராவிட மொழிகளுள் ஒன்றான கோலாமி, தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் பகுதியிலும் பேசப்படுகிறது. ஐதராபாத்தில் இருக்கும் எங்கள் சிறு குழு பல ஆண்டுகளாகச் சேர்த்த ஒலிப்பதிவுகள் 200 மணி நேரத்துக்கும் மேல். அவற்றைக் கேட்டு, சொற்களைப் பிரித்து, நேரக் குறிப்போடு எழுதித் தருபவர்கள் ஆதிலாபாத் பக்கத்துச் சிற்றூர்களில் வாழும் இரண்டு கோலாமி இளைஞர்கள். அவர்கள் பணிபுரிவதற்கான இணையதளத்தை எங்களுக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் வாடகைச் சேவையகம் ஒன்றில் தம் கையாலேயே நிறுவியிருந்தார். நன்றாகவே நிறுவியிருந்தார், மூன்று ஆண்டுகள் யாரும் அதைப் பற்றி நினைக்க வேண்டியே இருக்கவில்லை.

அவர் பட்டம் பெற்று வேலைக்காக வேறு ஊருக்குச் சென்ற எட்டாவது மாதம் அந்தச் சேவையகம் நின்றது. வட்டு நிறைந்து தரவுத்தளம் சிதைந்திருந்தது என்பது வரை கண்டுபிடித்தோம். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பில் என்ன மாற்றம், காப்புப் படிகள் எங்கே என்பவை எங்கும் எழுதப்படவில்லை. தொலைபேசியில் கேட்டபோது அவருக்கும் நினைவில்லை. “கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன், எழுதி வைக்கத் தோன்றவில்லை” என்று வருந்தினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அன்றுவரை அப்படித்தான் செய்துவந்தேன்.

ஒலிப்பதிவுகள் வன்தட்டுகளில் தப்பின. ஏழு மாதக் குறிப்புகள் போயின. பதிவுகளில் பேசிய மூதாட்டியர் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர். விளங்காத சொற்களை அவர்களிடமே நேரில் கேட்டுத் தெளிந்து இளைஞர்கள் எழுதிய விளக்கங்களும் போனவற்றுள் அடக்கம். ஒலி இருக்கிறது, அது என்ன சொல் என்று கேட்பதற்கு இனி ஆளில்லை.

என் மேசையில் எமனோ 1955இல் வெளியிட்ட கோலாமி இலக்கண நூலின் படி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அதைத் திறக்கிறேன். எமனோ இன்றில்லை; அவர் எழுதியதை வைத்து அவருடைய முடிவுகளை என்னால் சரிபார்க்க முடிகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட நூலை நம்பி வேலை செய்ய முடிகிற குழுவுக்கு, மூன்றாண்டு வயதுள்ள தன் சேவையகத்தை மீட்க முடியவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் புதிதாக அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டேன்: எதையும் கையால் அமைப்பதில்லை, எழுதியே அமைப்பது.

இதற்கு உதவும் கருவிதான் டெராஃபார்ம். 2023 ஆகஸ்டில் அதன் உரிமம் திறமூல நிலையிலிருந்து மாறியபின், அதிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வளர்கிறது. நாங்கள் பயன்படுத்துவது அதைத்தான். இரண்டிலும் எழுதும் மொழி ஏறத்தாழ ஒன்றே. அந்த மொழி என்னை முதலில் கவர்ந்தது இலக்கண மாணவனாகத்தான். சேவையகத்தைக் கையால் நிறுவும்போது நாம் அடிப்பவை எல்லாம் ஏவல் வினைகள்: நிறுவு, நகர்த்து, திற, தொடங்கு. வரிசை பிசகினால் பொருள் பிசகும். டெராஃபார்ம் கோப்பிலோ வினையே இல்லை. “அவர் ஆசிரியர்”, “இது வீடு” என்று தமிழில் வினையின்றிப் பெயரே பயனிலையாக நிற்பதுபோல, “ஒரு பிணையம், அதன் முகவரி எல்லை இது”, “ஒரு கிளஸ்டர், அது இருப்பது மும்பை வட்டாரம்” என்று இருக்க வேண்டிய நிலையை மட்டும் சொல்கிறோம். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை, எது எதைச் சுட்டுகிறது என்று பார்த்துக் கருவியே முடிவு செய்கிறது.

குபெர்நெட்டீஸும் இதே இயல்புடையது. கூகுள் 2014இல் வெளியிட்ட இந்த மென்பொருளின் பெயர் மீகாமன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். குறிப்பு எழுதும் செயலியின் இரண்டு பிரதிகள் எப்போதும் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டால், ஒன்று விழும்போது அதுவே இன்னொன்றை எழுப்பிவிடும். ஓர் இணையதளத்துக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையா என்று கேட்பீர்கள், தேவையில்லைதான். எங்களுக்கு வேறொரு வேலை இருந்தது. 200 மணி நேர ஒலியை எழுத்தோடு பொருத்தும் கணக்கீட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, இருபது கணினிகளில் ஓர் இரவு ஓட்டி, விடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் குபெர்நெட்டீஸ் பொருத்தமானது. ஆனால் கணினி ஒன்றுகூட இல்லாதபோதும் கட்டுப்பாட்டுத் தளத்துக்கு மட்டும் மணிக்கு 10 அமெரிக்க சென்ட், அதாவது மாதம் 6,000 ரூபாய்க்கு மேல். ஆய்வு நிதியில் அது சிறு தொகையன்று. எனவே வேலையில்லாத வாரங்களில் கிளஸ்டரையே கலைத்துவிட்டு, வேண்டும்போது மீண்டும் எழுப்புவது எங்கள் திட்டம். கையால் அமைத்தால் இது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

முதன்முறை ‘பிளான்’ கட்டளை கொடுத்தபோது, “சேர்க்க 43, மாற்ற 0, அழிக்க 0” என்று வந்தது. பிணையம், அதன் உட்பிரிவுகள், அனுமதிகள், கட்டுப்பாட்டுத் தளம், கணினிக் குழு என்று நாற்பத்து மூன்று பொருள்கள். ‘அப்ளை’ கொடுத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன். எல்லாம் எழுந்து நின்றன. அன்றிரவு உறக்கம் வரவில்லை, மகிழ்ச்சியில்தான்.

இரண்டாம் மாதம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன். தரவுத்தளம் இருக்கும் வட்டுக்குக் கோப்பில் ‘வட்டு1’ என்று ஒரு பெயர் கொடுத்திருந்தேன். பொருளற்ற பெயர். ஒரு ஞாயிறு மாலை அதைக் ‘கோலாமி குறிப்பு’ என்ற பொருள் தரும் பெயராக மாற்றினேன். வேறு ஓர் எழுத்தையும் தொடவில்லை. ‘அப்ளை’ கொடுத்தேன். தொடர்வதானால் ‘யெஸ்’ என்று முழுச் சொல்லையும் அடி என்று கருவி கேட்டது. இரண்டு எழுத்துகள் அடித்தபின்தான் மேலிருந்த வரியைப் படித்தேன்: “சேர்க்க 1, மாற்ற 0, அழிக்க 1”.

அழியவிருந்தது புதிதாக எழுதிய இரண்டு மாதக் குறிப்புகள் இருந்த வட்டு.

பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு இடுகுறி என்பது மொழியியலில் முதல் பாடம். பெயரை மாற்றினால் பொருள் மாறாது. இங்கே அப்படியன்று. கருவி தான் அமைத்தவற்றை ஒரு நினைவேட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. அதற்கு ‘ஸ்டேட்’ கோப்பு என்று பெயர். உண்மையில் மூன்று இருக்கின்றன: நாம் எழுதியது, கருவியின் நினைவில் இருப்பது, மேகத்தில் உள்ளது. நினைவேட்டில் ‘வட்டு1’ இருக்கிறது, எழுத்தில் அது இல்லை. ஆகவே அதை அழிக்க வேண்டும். எழுத்தில் புதுப்பெயர் இருக்கிறது, நினைவில் இல்லை. ஆகவே புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டும். கருவி சிந்தித்ததில் பிழையே இல்லை.

இதில் இன்னொரு பாடமும் இருந்தது. அந்த வட்டின் பத்தியில், இதை அழிக்கக் கூடாது என்று தடுக்கும் வரியை நான் எழுதியே வைத்திருந்தேன். ஆனால் அந்த வரி பத்திக்குள் இருப்பது. பெயர் மாறியதும் பழைய பெயருக்குரிய பத்தியே கோப்பில் இல்லாமல் போகிறது. அதிலிருந்த தடையும் அதனோடு போய்விடுகிறது. காவலாளியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வீட்டையே இடித்ததுபோல. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பொருளைக் குறிப்பவை என்று சொல்வதற்குத் தனியாக ‘மூவ்டு’ என்னும் பத்தி உண்டு. அதை எழுதியபின் அழிக்க வேண்டியவை 0 ஆயின.

அன்றே எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தேன். வட்டும் காப்புப் படிகளும் ஒரு கோப்புறையில், தமக்கெனத் தனி நினைவேட்டோடு. கிளஸ்டர் வேறொரு கோப்புறையில், வேறொரு நினைவேட்டோடு. கலைத்து எழுப்புவது இரண்டாவதை மட்டும். நினைவேடுகளை என் மடிக்கணினியிலிருந்து நீக்கி, ஒரே நேரத்தில் இருவர் மாற்ற முடியாதபடி பூட்டுள்ள தொலைச் சேமிப்பகத்தில் வைத்தேன். கடவுச்சொற்களும் அதில் வெளிப்படையாகவே பதிவாகக் கூடும் என்பதால் கிட் களஞ்சியத்தில் அதைச் சேர்க்கக் கூடாது.

நினைவேட்டுக்கு எல்லை உண்டு என்பதை மூன்றாம் மாதம் கற்றேன். கிளஸ்டரைக் கலைக்க ‘டிஸ்ட்ராய்’ கொடுத்தபோது, பிணையம் மட்டும் அழிய மறுத்து நின்றது. தேடிப் பார்த்ததில், இணையதளத்துக்கு வரும் போக்குவரத்தைப் பகிரும் லோடு பேலன்சர் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. அதை அமைத்தது ஓப்பன்டோஃபு அன்று, குபெர்நெட்டீஸ். தான் அமைக்காத பொருளைப் பற்றி நினைவேட்டுக்கு எதுவும் தெரியாது. அதை அழித்திருக்க வேண்டிய மீகாமனை நானே முதலில் அனுப்பிவிட்டேன். உள்ளே ஓடும் சேவைகளை முதலில் நீக்கு, பிறகு கிளஸ்டரைக் கலை என்ற வரிசையை இப்போது கோப்புறையின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

சென்ற மாதம் களப்பணிக்காக ஆதிலாபாத் சென்றேன். போகும்முன் முதலாமாண்டு ஆய்வு மாணவி ஒருவரிடம், “நான் அங்கே இருக்கும்போது கிளஸ்டரைக் கலைத்துவிட்டு நீங்களே எழுப்புங்கள், என்னைக் கேட்காதீர்கள்” என்று சொல்லியிருந்தேன். கேட்க விரும்பினாலும் முடிந்திராது. நான் தங்கிய ஊரில் தொலைபேசிக்குச் சைகை கிடைப்பதற்கே ஒரு மேடு ஏற வேண்டும். இரண்டாம் நாள் மாலை அந்த மேட்டில் நின்று தளத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் திறந்தது. அருகில் நின்ற இளைஞர் தம் தொலைபேசியில், விட்ட இடத்திலிருந்து ஒரு சொல்லைக் கேட்டு எழுதினார். என் தொலைபேசியில் அந்த மாணவியின் செய்தி காத்திருந்தது. தளத்தின் இணைய முகவரியை லோடு பேலன்சரோடு இணைக்கும் பதிவை நான் ஒருநாள் அவசரத்தில் இணையப் பலகத்தில் கையாலேயே செய்திருந்தேன். எங்கும் எழுதவில்லை. அப்படிச் செய்ததே எனக்கு நினைவில்லை. கோப்பில் இல்லாத அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஊர் திரும்பிக் களஞ்சியத்தைப் பார்த்தேன். அந்தப் பதிவுக்கான எட்டு வரிகளை அவரே சேர்த்திருந்தார். அதன் மேல் விளக்கக் குறிப்பாக ஒரு வரி: “இது முன்பு எழுதப்படாமல் இருந்தது.” எங்கள் மூத்த ஆய்வாளருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். சிரித்தாரா வருந்தினாரா என்று தெரியவில்லை. பழைய சேவையகத்தைப் பற்றித் தமக்கு நினைவிருப்பவற்றை எல்லாம் எழுதி, மறுநாள் நான்கு பக்கம் அனுப்பினார்.

உங்கள் துறையில் இப்படி ஒருவர் நினைவில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் சேவையகம் ஏதும் இருந்தால், அவர் அங்கே இருக்கும்போதே ஒருமுறை கலைத்து எழுப்பிப் பாருங்கள். எங்கள் கோப்புகள் வேண்டுவோர் கேளுங்கள், தருகிறேன்.