அண்டை வீட்டுத் தூரம்

பாஸ்டனிலிருந்து டெர்ரிக்கு நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். லாரன்ஸ் ஊரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நண்பரைப் பழைய 28ஆம் எண் சாலையில் ஓட்டச் சொன்னேன். மெரிமேக் ஆற்றங்கரையில் செங்கல் ஆலைகள், ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளத்துக்கு. அமெரிக்கக் கிராமத்தின் கவிஞர் என்று பெயரெடுத்த ராபர்ட் ஃப்ராஸ்ட் வளர்ந்தது இந்த ஆலை ஊரில்தான். பிறந்தது சான் ஃபிரான்சிஸ்கோவில், 1874இல். தந்தை இறந்தபின் குடும்பம் இந்தப் பக்கம் வந்தது. கம்பளி ஆலையில் விளக்குகளைப் பராமரிக்கும் வேலைகூடப் பார்த்திருக்கிறார்.

டெர்ரியில் நாங்கள் பார்க்கப் போன பண்ணை 1900இல் ஃப்ராஸ்ட்டுக்கு அவருடைய தாத்தா வாங்கிக் கொடுத்தது. கோழி வளர்த்தார். விடியற்காலையில் எழுந்திருக்கப் பிடிக்காமல் மாட்டை நடுராத்திரியில் கறப்பார் என்று ஒரு கதை உண்டு. அக்கம்பக்கத்து விவசாயிகள் சிரிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் போனது ஏப்ரலில். வெள்ளைப் பலகை வீடும் அதோடு ஒட்டிய களஞ்சியமும் பூட்டியிருந்தன. பின்புறம் நடக்கத் தடையில்லை. மர நிழலில் இன்னும் கொஞ்சம் பனி மிச்சமிருந்தது. கல்சுவர் இடுப்புயரம்கூட இல்லை. சாந்து கிடையாது, கல்மேல் கல். மேலே இருந்த ஒன்றில் கை வைத்ததும் ஆடியது. பழங்காலப் பனியாறுகள் விட்டுப்போன கற்கள் இந்த மண் முழுக்கப் புதைந்து கிடக்கின்றன. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பருக்கும்போது கற்கள் மேலே வரும், அடுக்கிய சுவரும் சரியும். 'மெண்டிங் வால்' கவிதையில் அண்டை நிலத்துக்காரர்கள் இருவர் வசந்தத்தில் சந்தித்து, ஆளுக்கொரு பக்கமாக நடந்து, விழுந்த கற்களை எடுத்து வைப்பது இதனால்தான்.

"இந்தக் குட்டிச்சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார் நண்பர்.

அந்தக் குட்டிச்சுவரில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரோடு பேச ஒரு சுவர் விழ வேண்டும் என்ற நிலையில் வாழ்பவர்களின் கவிதை இது. 1914இல் லண்டனில் வெளியான ஃப்ராஸ்ட்டின் 'நார்த் ஆஃப் பாஸ்டன்' தொகுப்பில் பூவும் பறவையும் குறைவு, பேச்சு அதிகம். குழந்தையைப் புதைத்த கணவனும் மனைவியும் மாடிப்படியில் நின்று ஒருவரையொருவர் குத்திக் கிழிக்கிறார்கள். போக்கிடமில்லாமல் திரும்பி வந்த கிழட்டுக் கூலியாளை வைத்துக்கொள்வதா என்று இன்னொரு தம்பதி வாதாடுகிறது. ஃப்ராஸ்ட்டைக் காலண்டர் படத்துக்கு அடியில் அச்சிடுகிறவர்கள் இந்தக் கவிதைகள் பக்கம் போவதில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த வாரம் நியூ ஜெர்சியில் ரதர்ஃபோர்டுக்குப் போனேன். அங்கே பிறந்து, ஊர் மருத்துவராகவே இருந்து, 1963இல் அங்கேயே மறைந்தவர் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். ஃப்ராஸ்ட் இறந்ததும் அதே ஆண்டு. சிவப்புத் தள்ளுவண்டியும் வெள்ளைக் கோழிகளும் வரும் வில்லியம்ஸின் 1923ஆம் ஆண்டுச் சிறு கவிதையைப் பலரும் பண்ணைக் காட்சி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது தாடியஸ் மார்ஷல் என்ற கறுப்பினத் தெரு வியாபாரியின் கொல்லைப்புறம். கவிஞர் வீட்டிலிருந்து சில தெருக்கள்தான் தள்ளி. ஆலையில் வேலை பார்த்தவர் பண்ணையைப் பாடினார், சிற்றூர் டாக்டர் நகரத்துக் கொல்லையில் கோழியைப் பார்த்தார். கிராமக் கவிஞர், நகரக் கவிஞர் என்று முத்திரை குத்துவதில் எனக்கு நம்பிக்கை போனது இங்கேதான். பக்கத்தில் எத்தனை மனிதர்கள், எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் கவிதையை மாற்றுகிறது.

அங்கிருந்து பேட்டர்சன் நகருக்குப் போனேன். அங்கே பசேயிக் ஆறு 77 அடி விழுகிறது. எதிர்மேட்டில் நின்றாலே கண்ணாடியில் சாரல் படிகிறது. இந்தத் தண்ணீரை நம்பித்தான் அலெக்சாண்டர் ஹாமில்டனும் கூட்டாளிகளும் 1791இல் ஒரு தொழில் நிறுவனத்தையே தொடங்கினார்கள். கால்வாய் வெட்டி நீரைத் திருப்ப, பருத்தியும் துப்பாக்கியும் ரயில் இன்ஜினும் பட்டும் வரிசையாக வந்தன. 1913இல் பட்டுத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தமும் வந்தது. 1946 முதல் 1958 வரை ஐந்து பகுதிகளாக வந்த 'பேட்டர்சன்' நெடுங்கவிதைக்குள் வில்லியம்ஸ் கண்டதையும் போட்டார். செய்தித்தாள் துணுக்குகள், அடுத்தவர் கடிதங்கள், ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது கண்ட மண்ணடுக்குகளின் பட்டியல்கூட அதில் உண்டு. படிக்கச் சில இடங்களில் அலுப்புத்தான். ஆனால் வீடு வீடாக நோயாளி பார்க்கப் போகிறவர் காதில் விழுந்ததெல்லாம் சீரும் தளையுமாகவா விழும்? ஃப்ராஸ்ட் கடைசிவரை யாப்பை விடவில்லை; கூட்டத்தைப் பாடியவர்கள் விட்டார்கள். புரூக்ளின் படகுக் கூட்டத்தைப் பாடிய விட்மனின் பாட்டு வசனநடை போலவே இருக்கும் என்று பாரதி 'நகரம்' என்ற கட்டுரையில் சொல்லியிருக்கிறார்.

பேட்டர்சனில் வளர்ந்த ஆலன் கின்ஸ்பெர்க் இளைஞராக இருந்தபோது டாக்டருக்குக் கடிதம் எழுதினார். டாக்டர் அதையும் கவிதைக்குள் சேர்த்துக்கொண்டார். 1956இல் கின்ஸ்பெர்க்கின் 'ஹௌல்' புத்தகமாக வந்தபோது முன்னுரை எழுதிக் கொடுத்தவரும் அவரே.