பாதி மஃப்ளர்!

கொடைக்கானலுக்கு மே மாதம் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், சூஸைட் பாயிண்ட்டில் எட்டிப் பார்க்கிறார்கள், சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். டிசம்பரில் போய்ப் பாருங்கள் ஸார்! ஊரே வேறு. விடிகாலையில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி. வேலியோரம் பாயின்செட்டியா சிவந்து நிற்கும். சிவப்பாக இருப்பது பூ என்று நினைத்தால் ஏமாந்தோம், அத்தனையும் இலை! நடுவில் மஞ்சளாகப் பொடிப் பொடியாக இருக்கிறதே, அதுதான் பூ.

வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்று 2024 மே மாதத்தில் உத்தரவு வந்தது. நான் போனதோ மதுரையிலிருந்து பஸ்ஸில். வத்தலக்குண்டு தாண்டினதும் கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்து சீட் ஆசாமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய விவரம் உங்களுக்கு வேண்டாம்.

இந்த ஊருக்கும் கிறிஸ்துமஸுக்கும் உறவு பழசு. மதுரையில் காய்ச்சலிலும் காலராவிலும் குடும்பத்தோடு மடிந்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் இங்கே இரண்டு பங்களா கட்டிக் குடியேறினார்கள். அப்போது ரோடு ஏது? நடை, குதிரை, அல்லது டோலி. ஏரியே 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையைத் தடுத்து உண்டாக்கியதுதான். அந்த நாளில் ஊரில் பரிசு வாங்கக் கடையும் கிடையாது. கொடுக்க வேண்டுமென்றால் கையால் செய்தால்தான் உண்டு.

அந்த வழக்கத்தை இன்னும் விடாத ஒரு வீட்டில்தான் தங்கினேன். என் நண்பனின் பெரியம்மை வீடு. ரிட்டயர்ட் டீச்சர். பிறந்தது நாகர்கோவில், வாழ்க்கைப்பட்டது கொடைக்கானல். ஊசி பிடிப்பது பிறந்த ஊர் சொத்து. 1820-களில் நாகர்கோவிலில் மால்ட் என்ற பாதிரியாரின் மனைவி பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் கிடைத்த காசைக் கொடுத்து, அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. நூலுக்கு அவ்வளவு பலம்!

"ஏ மக்களே, கட்டன் காப்பி குடிக்கியா?" என்றபடி வந்தார். கையில் காப்பி, கக்கத்தில் கம்பளி நூல் உருண்டை.

அந்த வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது எதுவும் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. எனவே கிறிஸ்துமஸ் மே மாதமே ஆரம்பித்துவிடும். பிளம்ஸ் சீஸனில் ஜாம் காய்ச்சி பாட்டிலில் அடைப்பார்கள். மழைக்காலத்தில் பெரணி இலையைப் புத்தகத்தில் அமுக்கி வைத்து வாழ்த்து அட்டை. பைன் காயைப் பொறுக்கி, காயவைத்து, சிவப்பு நாடா கட்டித் தோரணம். இத்தனைக்கும் மேலே, தலைக்கு ஒரு கம்பளிச் சாமான். குழந்தைக்குத் தொப்பி, பெரியவர்களுக்கு மஃப்ளர். சென்னைக்காரர்களுக்கு மஃப்ளர் எதற்கு என்று கேட்காதீர்கள். ஏ.ஸி. எதற்கு இருக்கிறது?

அடியேன் பி.காம். சும்மா இருக்க முடியுமா? காஸ்ட் அக்கவுண்ட்ஸ் போட்டேன். ஒரு ஸ்வெட்டருக்கு நூல் 500 ரூபாய். தினம் இரண்டு மணி வீதம் ஒரு மாதம், அதாவது 60 மணி. மணிக்கு 50 ரூபாய் கூலி போட்டாலும் 3,000. ஆக மொத்தம் 3,500. பஸ் ஸ்டாண்ட் அருகே லூதியானா ஸ்வெட்டர் 600 ரூபாய்!

"பெரியம்மை, இது சுத்த நஷ்டம்" என்றேன்.

"அந்த அறுபது மணி நேரமும் நான் யாரை நெனச்சிட்டு இருந்தேன், அத எந்தக் கணக்குல எழுதுவ?" என்றார்.

டெபிட்டா, கிரெடிட்டா? எங்கள் புரொபஸருக்கே தெரிந்திருக்காது.

ஆனால் போன டிசம்பரில் நிஜமாகவே ஒரு சிக்கல். லிஸ்ட்டில் 19 பேர். பெரியம்மைக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். கண்ணில் புரை எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 11 உருப்படி முடிந்தது, எட்டு பாக்கி. "கஷ்டப்படாதீங்க பெரியம்மை, கூகுள் பே பண்ணிடுங்க, நாங்களே வாங்கிக்கறோம்" என்று சென்னைப் பேத்தி போனில் சொல்லிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு அவர் வெகுநேரம் ஜன்னல் வழியே பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 40 வருஷப் பழக்கம். அந்த வருஷத்தோடு அது நின்றுவிடுமோ என்று எனக்கே திக்கென்றது.

மறுநாள் காலை பார்த்தால், மேஜையில் எட்டு பொட்டலம். ஒவ்வொன்றிலும் அரை முழம் மட்டும் பின்னிய மஃப்ளர், அதில் கோத்தபடியே இரண்டு ஊசி, ஒரு நூல் உருண்டை. கூடவே நடுங்கும் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'மிச்சத்த நீ பின்னு. தெரியலன்னா ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணு.'

கீழே இறங்கும்போது பொட்டலங்களைக் கூரியரில் சேர்த்தது நான்தான்.

பிறகு நடந்ததை நண்பன் சொன்னான். எட்டு பேரில் இரண்டு பேர் அப்படியே பீரோவில் வைத்துவிட்டார்கள். ஒருத்தர் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துப் பின்னவைத்தார் (மோசடி!). மற்ற ஐந்து பேரும் ராத்திரி எட்டு மணிக்கு போன் செய்தார்கள். அதில் முதல் ஆள் அந்த கூகுள் பே பேத்தி. வருஷத்துக்கு ஒரு தரம் 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' சொல்லி வைத்துவிடுகிறவள், இப்போது வாரத்தில் மூன்று நாள் பேசுகிறாளாம். பிப்ரவரியில் மஃப்ளரை முடித்துவிட்டாள். அதற்கப்புறமும் போன் நிற்கவில்லை.

லாபமா, நஷ்டமா? நீங்களே பாலன்ஸ் ஷீட் போட்டுக்கொள்ளுங்கள்!