கொல்லிமலை இறங்கும் முன்...

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பலா, அன்னாசி, வாழைத்தார் ஏற்றிய பழைய டீசல் பிக்கப்களும் இந்த வழியில்தான் இறங்குகின்றன.

மலைமேல் செம்மேட்டில் அப்படி ஒரு வண்டி நிற்கிறது.

"பிரேக் கல்லு மாதிரி இருக்குண்ணே" என்கிறார் இளம் டிரைவர்.

"அப்ப இறங்காதே தம்பி" என்ற மெக்கானிக், சக்கரத்துக்குக் கல் வைத்து இன்ஜினை அணைக்கிறார். பெடலை நாலைந்து தடவை மிதித்து, கெட்டியானதும் காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார். பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைத்தால், பெடல் சற்றுக் கீழே போகும். போகவில்லை.

டீசல் வண்டியில் அந்த வேக்குவத்தைத் தருவது தனி பம்ப். ஓடும் இன்ஜினில், பூஸ்டரிலிருந்து ஹோஸைக் கழற்றி விரல் வைக்கிறார், உறிஞ்சவில்லை. பம்ப் வாயில் வைத்தால் நன்றாக இழுக்கிறது. கோளாறு நடுவில்தான்: ரப்பர் ஹோஸில் வெடிப்பு!

புது ஹோஸ் மாட்டியதும் பெடல் மெத்தென்று இறங்குகிறது.

"செகண்ட் கியர்லயே போ தம்பி. பிரேக்கை மட்டும் நம்பாதே!"

தலையாட்டிய டிரைவர், முதல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்கிறார்.